பத்திக்குப் பொருந்தாத வாக்கியம்

1

இந்தக் கதை ஒரு திருத்தத்திலிருந்து வந்தது. திருத்தியவள் நான். வேறொரு பெண் ஆங்கிலத்தில் எழுதிவந்த ஒரு பத்தியில், ஒரு வாக்கியத்தின் மேல் சிவப்புப் பேனாவால் கோடு இழுத்தேன். ஸ்கேல் வைக்காமலே எனக்குக் கோடு நேராக வரும். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் வாக்கியங்களை அடித்துப் பழகிய கை.

அந்த வாக்கியம் என்னவென்று கடைசிவரை சொல்லாமல் வைத்திருந்தால் கதைக்கு நல்லது என்று ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடு என்றுதான் வகுப்பில் எல்லோரையும் விரட்டுகிறேன். ஆகவே சொல்லிவிடுகிறேன்:

"மூன்று வாரமாகப் பட்டை தூங்குகிறது, நான் இரண்டு தடவை சொன்னேன்."

உங்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அன்று எனக்கும் புரியவில்லை. புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அடித்துவிட்டேன்.

(அவர் எழுதியது ஆங்கிலத்தில். இந்தக் கதையில் வரும் ஆங்கில எழுத்தையெல்லாம் நான் தமிழில் தருகிறேன். மூலத்தில் இலக்கணம் இன்னும் கொஞ்சம் நொண்டியது. அர்த்தம் நொண்டவில்லை.)

2

இந்தக் கதையை நான்கு தடவை தொடங்கினேன்.

"ஒரு பெரிய மருத்துவமனையின் தரைக்குக் கீழே, நோயாளிகள் யாரும் பார்க்காத ஓர் உலகம் இருக்கிறது. அங்கே நீராவி ஒரு வெள்ளைப் பூதம்போல எழுந்து…" 

இதோடு விட்டுவிட்டேன். சலவைப் பிரிவில் வேலை செய்யும் யாரும் நீராவியைப் பூதம் என்று நினைப்பதில்லை. கண்ணாடி போட்டவர்களுக்கு அது தொல்லை. அவ்வளவுதான்.

"கல்வியின் மேல் அவருக்குச் சிறு வயது முதலே தீராத தாகம்…" 

இது பச்சைப் பொய். அவருக்குக் கல்வியின் மேல் தாகம் எதுவும் இல்லை. சூப்பர்வைசர் ஆக வேண்டும் என்று இருந்தது.

[மூன்றாவது தொடக்கம் முழுக்க என்னைப் பற்றியது. அதில் நான் மிகவும் நல்லவளாக வந்திருந்தேன். கிழித்துப் போட்டேன்.]

நான்காவது, நேராகச் சொல்வது. சூப்பர்வைசர் வேலைக்கு வருகிறவர்கள் ஆங்கிலத்தில் ஒரு பக்கமாவது எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று மருத்துவமனை நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கற்றுத்தருவதற்கு என்னை வாரத்தில் மூன்று நாள் வரச்சொன்னது. காலை ஷிஃப்ட் முடிந்து மூன்றரை மணிக்கு வகுப்பு. துணிக்கிடங்கை ஒட்டிய ஓர் அறை, ஆறு நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடினால் மேசைமேல் வைத்த பேனா தானாக நகரும். பேனா நகர்ந்தால், "பாருங்க டீச்சர், அதுக்கே எழுத ஆசை வந்துடுச்சு" என்று யாராவது சொல்வார்கள். தினமும் சொன்னாலும் தினமும் சிரித்தோம்.

அந்த ஆறு பேரில் மூத்தவர் மடிப்பக்கா. ஐம்பத்தொரு வயது, பத்தொன்பது வருஷ சர்வீஸ். அவர் மடித்த விரிப்பின் நான்கு முனையும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்காரும். அதனால் அந்தப் பெயர். பேச்சு குறைவு. கேள்வி கேட்பதானால் முதலில் நோட்டை மூடிவைத்துவிட்டுத்தான் கேட்பார்.

மடிப்பக்காவின் நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, அதே பிரிவில் வேலை செய்தார். கணவர் இறந்தபின் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டவர். அண்ணிதான் இங்கே சேர்த்துவிட்டார். வாய் ஓயாது. மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும் குரல். பேட்டரி இல்லாமல் ஓடுகிற ரேடியோ என்று யாரோ சொல்லப்போய் ரேடியோ என்றே ஆகிவிட்டது. அண்ணியும் நாத்தனாரும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டு, ஒரே பஸ்ஸில் வந்து, பெரிய இஸ்திரி மெஷினின் இரண்டு பக்கமும் எதிரெதிரே நிற்பார்கள். அண்ணியை வீட்டுக்குக் கூட்டிப்போக வரும்போது வகுப்பு வாசலில் நின்று ரேடியோ ஒருமுறை என்னிடம் சொன்னார்:

"எங்க அண்ணிக்குக் கோபம் வந்தா தமிழ்லயே பேச்சு வராது. அதுக்குப் போய் இங்கிலீஷ் சொல்லித்தர்றீங்களே, நீங்க பெரிய ஆளுதான் டீச்சர்."

மடிப்பக்கா சிரித்துக்கொண்டே நோட்டைப் பைக்குள் வைத்தார்.

3

ஆங்கிலத்தில் ஒரு பத்தி எப்படி இருக்க வேண்டும் என்று நான் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். முதல் வாக்கியம், எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவிக்கும். அடுத்து வருபவை அதற்குச் சாட்சி சொல்லும். கடைசி வாக்கியம், முதலில் சொன்னதை வேறு வார்த்தைகளில் சொல்லிக் கதவைச் சாத்தும். வகை நான்கு: நடந்ததைச் சொல்வது, பார்த்ததைக் காட்டுவது, தெரியாததை விளக்குவது, கேட்பவரை இணங்கவைப்பது.

மடிப்பக்கா நோட்டை மூடினார்.

"விபத்து ரிப்போர்ட் எழுதினா அது எந்த வகை டீச்சர்?"

"நடந்ததைச் சொல்ற வகைக்கா."

"யாரையும் இணங்கவைக்க வேணாமா?"

"வேணாம். நடந்ததை வரிசையா சொன்னா போதும். அதுவே இணங்கவைக்கும்."

அப்படித்தான் சொன்னேன். அழகாக இருந்ததால் சொன்னேன் என்று இப்போது படுகிறது.

அடுத்தது ஒருமை. ஒரு பத்திக்கு ஒரே விஷயம். அதற்குத் துணைநிற்காத வாக்கியம் எவ்வளவு நல்ல வாக்கியமாக இருந்தாலும் அதற்கு அங்கே இடம் கிடையாது. நான் சொல்லி முடிக்கும்முன் மடிப்பக்கா சொன்னார்:

"வார்டுக்குக் கட்டு கட்டுற மாதிரி. பெட்ஷீட் கட்டுல பெட்ஷீட்தான் இருக்கணும். நடுவுல ஒரு தலையணை உறை புகுந்துட்டா கட்டு சாயும்."

எனக்கு அப்படியொரு சந்தோஷம். அதைப் பலகையிலேயே எழுதிப்போட்டேன்.*

* அடுத்த வாரம் வேறொரு இடத்தில் வகுப்பெடுக்கும்போது அதை என் சொந்த உதாரணம்போலச் சொன்னேன். கதைக்குத் தேவையில்லாத தகவல். ஆனாலும் இருக்கட்டும். தேவையில்லை என்று இனி எதையும் உடனே நீக்குவதாக இல்லை.

4

இங்கே விளக்கும் பத்தி ஒன்று வேண்டும்.

பெரிய இஸ்திரி மெஷின் என்பது ஒரு கட்டிலைவிட அகலமானது. உள்ளே கொதிக்கும் சூட்டில் உருளைகள் சுற்றும். ஈரம் போன விரிப்பை முன்பக்கம் ஒருவர் கொடுப்பார். அது உருளைகளுக்கு நடுவே போய், பின்பக்கம் தேய்ந்து வெளியே வரும். கொடுக்கும் பக்கத்தில், உருளைக்குச் சற்று முன்னால், நீளவாக்கில் ஓர் இரும்புப் பட்டை உண்டு. கை அதிகமாக உள்ளே போனால் பட்டையில் இடிக்கும். இடித்தால் மெஷின் நின்றுவிடும். கையைக் காப்பாற்றுவதைத் தவிர அந்தப் பட்டைக்கு வேறு வேலை இல்லை. ஆனால் தடிமனான போர்வை வந்தாலும் அது இடிக்கும், மெஷின் நிற்கும். நாளுக்கு முப்பது தடவை நின்றால் வார்டுகளுக்குத் துணி போய்ச் சேராது. ஆகவே சூப்பர்வைசர் பட்டையைத் தூக்கி, கிழிந்த துணியால் இரண்டு முனையிலும் கட்டிவைக்கச் சொன்னார். அப்படிக் கட்டிவைத்தால் அங்கே அதற்குப் பட்டை தூங்குகிறது என்று பெயர்.

மடிப்பக்கா இரண்டு தடவை அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். முதல் தடவை, "பாக்கலாம்" என்றாராம். இரண்டாவது தடவை, "நாளைக்கு நீங்கதான் சூப்பர்வைசரா வரப்போறீங்க. அப்ப அவுத்துக்குங்க" என்று சிரித்தாராம். மடிப்பக்காவின் பெயரைப் பதவிக்குச் சிபாரிசு செய்ய வேண்டியவர் அவர்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ரேடியோ விரிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓரம் மடிந்து உள்ளே போனது. அதை நேராக்கக் கை நீட்டினார்.

நான் அங்கே இல்லை. அதனால் இதற்குமேல் வர்ணித்தால் அது என் கற்பனை. மடிப்பக்கா சொன்னதை மட்டும் எழுதுகிறேன். பின்பக்கம் நின்றவருக்கு நாத்தனாரின் முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். பேச்சு பாதி வாக்கியத்தில் நின்றது. அலறல் எதுவும் இல்லை. நின்றது, அவ்வளவுதான். அதைக் கேட்டுத்தான் மடிப்பக்கா சுவர் சுவிட்சை நோக்கி ஓடினார். ஏழு அடி தூரம். வலது கையில் மூன்று விரல்கள் போயின.

அப்போது ரேடியோ என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று ரொம்ப நாள் கழித்து மடிப்பக்காவிடம் கேட்டேன்.

"எதிர்வீட்டு நாய் கதை டீச்சர். இன்னிக்கு வரைக்கும் முடிக்கல."

5

இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, மடிப்பக்கா வகுப்புக்கு வந்தார். வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. சாட்சிகள் நடந்ததை ஆங்கிலத்தில் எழுதித்தர வேண்டுமாம். படிவத்தில் பன்னிரண்டு கோடு. மறுநாள் காலையில் கொடுக்க வேண்டும். தனித் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"செவ்வாய்க்கிழமை காலை வெயில் இல்லை. என் முழங்கால் வலித்தது. நாங்கள் பெரிய விரிப்புகளை மெஷினில் கொடுத்தோம். மூன்று வாரமாகப் பட்டை தூங்குகிறது, நான் இரண்டு தடவை சொன்னேன். விரிப்பின் ஓரம் மடிந்தது. என் நாத்தனார் நேராக்கக் கை நீட்டினார். பேச்சு நின்றது. நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். கேன்டீனில் அன்று சர்க்கரை இல்லை."

எனக்கு ஐந்து பத்துக்குப் பஸ். மணி நாலே முக்கால்.

வெயிலை அடித்தேன். முழங்காலை அடித்தேன். பட்டையை அடித்தேன். பேச்சு நின்றதை அடித்தேன். அவர் என்னைப் பார்த்தார் என்பதையும் சர்க்கரையையும் அடித்தேன். நாத்தனாரைச் சக பணியாளர் ஆக்கினேன். மேலே ஒரு வாக்கியம் சேர்த்தேன்: "செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு என் சக பணியாளரின் கை இஸ்திரி மெஷினில் சிக்கியது." கீழே ஒன்று: "இவ்வாறு இந்த வருந்தத்தக்க விபத்து நிகழ்ந்தது."

மடிப்பக்கா விரலை ஒரு வரியின் மேல் வைத்தார்.

"டீச்சர், இது வேணாமா?"

"இது செவ்வாய்க்கிழமை நடந்ததாக்கா?"

"இல்ல. அதுக்கு முன்னாடி."

"அப்ப இது வேற பாரா. இதுல அன்னைக்கு நடந்தது மட்டும்தான். நீங்கதானே சொன்னீங்க, பெட்ஷீட் கட்டுல தலையணை உறை வேணாம்னு."

"வேற பாரா எழுத இடம் இல்லையே."

"இடம் இல்லன்னா விட்டுடுங்க. வேணும்னா அவங்களே கேப்பாங்க."

அவர் விரலை எடுத்தார்.

"சரி டீச்சர்."

நான் வழக்கம்போல மூலையில் தேதி போட்டு, கையெழுத்து வைத்து, அதன் கீழே "நல்ல முன்னேற்றம்" என்று எழுதினேன். ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். உட்கார இடமும் கிடைத்தது.

6

ஐந்து வாரம் கழித்து விசாரணை அறிக்கை வந்தது. பணியாளரின் கவனக்குறைவால் விபத்து. மெஷினைப் பற்றி யாரும் எந்தப் புகாரும் செய்ததாகத் தெரியவில்லை. கவனக்குறைவு என்று பதிவானவரை மறுபடி வேலைக்கு எடுப்பது விதிப்படி இயலாது. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம்.

அடுத்து வருவதும் நான் பார்க்காத காட்சி. மூன்று விதமாக எழுதிப்பார்த்தேன். ஒன்றில் அழுகை அதிகமாகிவிட்டது. இன்னொன்றில்… வேண்டாம். மடிப்பக்கா சொன்ன வார்த்தைகளை அப்படியே வைக்கிறேன்.

அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அந்த வீட்டில் ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் மடிப்பக்கா ஒருவர்தான். சாப்பாட்டு மேசையில் ரேடியோ கட்டுப்போட்ட கையை ஒரு தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் ஜன்னல் பக்கம் நின்றார். மடிப்பக்கா ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். சாட்சிகளின் வாக்குமூலங்கள் பின்னால் இணைக்கப்பட்டிருந்தன. கடைசியாக இருந்தது அவருடையது.

படித்து முடித்ததும் ரேடியோ கேட்டார்:

"அவ்வளவுதானா அண்ணி?"

"அவ்வளவுதான்."

"பட்டை எங்க?"

மடிப்பக்கா தாளை மறுபடி புரட்டினார்.

"நீங்க ரெண்டு வாட்டி போய்ச் சொன்னீங்க. நான் கூடவே நின்னேன். பட்டை எங்க அண்ணி இதுல?"

"மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"ஆமா."

ரேடியோ எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் "தண்ணி வந்துடுச்சு", "கதவைச் சாத்து" என்பது மாதிரியான பேச்சு மட்டும்தான்.

7

மறுநாள் மடிப்பக்கா வகுப்பு நேரத்துக்கு முன்னாலேயே வந்து, நான் சிவப்புக் கோடு இழுத்த அந்தத் தாளை என் முன்னால் வைத்தார். நான்காக மடித்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். பட்டை என்றால் என்ன, தூங்குவது என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

"ஏன்க்கா நாத்தனார்கிட்ட மறந்துட்டேன்னு சொன்னீங்க? நான் அடிச்சேன்னு சொல்லியிருக்கலாமே."

அவர் சொன்ன பதிலை எழுதுவதா வேண்டாமா என்பதில்தான் இந்தக் கதை எட்டு மாதம் நின்றுபோனது. எனக்கு மடிப்பக்காவை அப்பழுக்கில்லாதவராக எழுத ஆசை. அவர் வெறும் பாதிக்கப்பட்டவராகவும் நான் மட்டும் குற்றவாளியாகவும் இருந்தால் கதை நிமிர்ந்து நிற்கும், வாசகருக்கும் சிரமம் இல்லை. இந்தப் பதிலை நீக்கி ஒரு பிரதி வைத்திருக்கிறேன். படிக்க நன்றாகவே இருக்கிறது.

ஆனால் அவர் சொன்னது இதுதான்:

"நீங்க அடிச்சப்ப எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்துச்சு டீச்சர்."

அவரே தொடர்ந்தார்.

"அந்த வரியை எழுதுறப்பவே பயமா இருந்துச்சு. அதை எழுதிட்டா சூப்பர்வைசரோட பகை. எனக்கு வேலை உயர்வு இல்ல. எழுதாம இருக்கவும் மனசு வரல. அதான் நடுவுல, முழங்காலுக்கும் விரிப்புக்கும் இடையில, யாருக்கும் தெரியாத மாதிரி வச்சேன். நீங்களே எடுத்துட்டீங்க. டீச்சரே வேணாம்னுட்டாங்க, நான் என்ன பண்ணட்டும்னு நெனச்சுக்கிட்டேன். அதை எப்படி அவகிட்ட சொல்றது?"

சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மேசைமேல் பேனா நகர்ந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

8

ஆட்சேப மனுவை நான் எழுதித்தருகிறேன் என்றேன். மறுத்துவிட்டார்.

"நீங்க எழுத வேணாம். பக்கத்துல உட்காருங்க. எழுத்துப்பிழை மட்டும் சொல்லுங்க."

மூன்று நாள் பிற்பகல் எழுதினார். முதல் வாக்கியமாகப் பட்டையை வைத்தார். எந்தத் தேதியில் கட்டினார்கள், யார் கட்டச்சொன்னது, தான் எந்தெந்த நாளில் எங்கே நின்று சொன்னார், என்ன பதில் கிடைத்தது, எல்லாம் அடுத்தடுத்து வந்தன. அது விளக்கும் வகையா, நடந்ததைச் சொல்லும் வகையா, இணங்கவைக்கும் வகையா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. முடிப்பு வாக்கியம் இல்லாமலே நிறுத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை.

"இந்தப் பழைய தாளையும் கூட வைப்போம்க்கா" என்றேன். "தேதி இருக்கு. விபத்து நடந்து ரெண்டே நாள்ல நீங்க எழுதியிருக்கீங்கன்னு இதுதான் காட்டும்."

"அது வேணாம் டீச்சர். உங்க வேலை போயிடும். அதோட, அப்ப ஏன் சரின்னு சொன்னேன்னு அவ கேப்பா." பிளாஸ்டிக் உறையோடு என் பக்கம் தள்ளினார். "உங்ககிட்டயே இருக்கட்டும். நான் வாயால சொல்லிக்கறேன்."

மறுவிசாரணை நிர்வாகக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில். நீளமான மேசை, தண்ணீர் ஜாடி, ஆறு கண்ணாடி டம்ளர். விசாரணை அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். ஒரு பக்கம் சூப்பர்வைசர். எதிரே மடிப்பக்கா, ஒரு நாற்காலி விட்டு ரேடியோ. ஆங்கிலத்துக்கு உதவி என்று என்னை அனுமதித்திருந்தார்கள். தாள் என் கைப்பையில் இருந்தது.

பட்டையைப் பற்றித் தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார் சூப்பர்வைசர். அதிகாரி மடிப்பக்காவின் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு முக்கியமான விஷயத்தை முதல் வாக்குமூலத்துல ஏன் எழுதல?"

"மறந்துட்டேன் சார்."

"மூணு விரல் போயிருக்கு. அதுக்குக் காரணம்னு இப்ப நீங்க சொல்ற விஷயம் அன்னைக்கு மறந்துபோச்சா?"

"ஆமா சார்."

"இல்ல, அறிக்கை வந்த பிறகு குடும்பத்துல பேசி முடிவு பண்ணீங்களா?"

மடிப்பக்காவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கோபம் வந்தால் அவருக்குப் பேச்சு வராது. அதிகாரி அந்த மௌனத்தைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

9

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் என்னிடம் உள்ளன.

முதலாவதில் நான் சட்டென்று எழுந்து நிற்கிறேன். தாளை மேசைமேல் வைத்து, தெளிவான குரலில் பேசுகிறேன். வாக்கியங்கள் எல்லாம் ஒழுங்காக வருகின்றன. எழுதிவிட்டுப் படித்தபோது, நான் முன்பு கிழித்துப்போட்ட அந்த நல்லவள் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவதில் நான் பேசவில்லை. எல்லோரும் எழுந்து போகிறார்கள். நானும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்குகிறேன். இதை எழுதும்போது ஓரிடத்திலும் கை நிற்கவில்லை. அவ்வளவு சுலபமாக வந்தது எனக்குப் பயமாக இருந்தது.

நடந்தது இது. அதிகாரி கேட்டபோது நான் பேசவில்லை. அவர் எழுதியபோதும் பேசவில்லை. என் ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்ல விரும்பவில்லை. அதிகாரி கோப்பை மூடி, "நீங்க போகலாம்" என்றார். ரேடியோ எழுந்தார். நாற்காலியைப் பின்னால் தள்ள வலது கையைக் கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, இடது கைக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவு நேரத்தில் அவர் பேசவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஒரு நிமிஷம் சார்" என்றேன்.

தாளை எடுத்துக்கொடுத்தேன். அதிகாரி விரித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரு அடிச்சது இதை?"

"நான்தான்."

"தேதி?"

"அதுவும் நான் போட்டது. விபத்து நடந்து ரெண்டு நாள் கழிச்சு."

"ஏன் அடிச்சீங்க?"

இருபத்திரண்டு வருஷ அனுபவம். ஒருமை, துணை வாக்கியம், எல்லாவற்றுக்கும் விளக்கம் தெரியும். "எனக்குப் புரியல சார். அதனால அடிச்சேன்" என்றேன்.

ரேடியோ மேசையைச் சுற்றி வந்தார். அதிகாரியின் கையில் இருந்த தாளைக் குனிந்து பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. சிவப்புக் கோடு தெரியும்.

"அந்தக் கோட்டுக்கு அடியில என்ன இருக்கு?"

நான் தமிழில் சொன்னேன். மூன்று வாரமாகப் பட்டை தூங்குகிறது, நான் இரண்டு தடவை சொன்னேன்.

அவர் அண்ணியின் பக்கம் ஒருமுறை திரும்பினார். பிறகு என்னிடம்:

"படிச்சவங்க நீங்க. புரியலன்னா எங்களைக் கேக்கலாமே டீச்சர். நாங்க சொல்லமாட்டோமா?"

அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

10

அறிக்கை திருத்தப்பட்டது. பட்டை கட்டப்பட்டிருந்ததும், புகார் சொல்லப்பட்டதும் பதிவாயின. கவனக்குறைவு என்ற சொல் நீங்கியது. ரேடியோ துணி பிரிக்கும் பிரிவில் மறுபடி வேலைக்கு வந்தார். சூப்பர்வைசர் வேறொரு கட்டடத்துக்கு மாற்றப்பட்டார், அதே பதவியில். மடிப்பக்காவுக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. ஏன் என்று எழுத்தில் யாரும் சொல்லவில்லை. என் ஒப்பந்தம் அந்த வருஷத்தோடு முடிந்தது. இப்போது வேறிடத்தில் நடத்துகிறேன். ஒரு வாக்கியம் புரியாவிட்டால் அதன் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். வகுப்பு மெதுவாக நகர்கிறது. பலமுறை பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன்.

[இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். தண்டனையும் கிடைத்தாயிற்று, திருந்தியும் ஆயிற்று. பத்திரிகைக்கு அனுப்ப உறையில் முகவரிகூட எழுதிவிட்டேன்.]

ஆனால் ஏழாம் பகுதியில் மடிப்பக்கா சொன்னது ரேடியோவுக்கு இன்னும் தெரியாது. நான் அடித்தேன் என்பது தெரியும். அடித்தபோது அண்ணிக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது என்பது தெரியாது. என்மேல் பழியைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் மறுபடி பேச ஆரம்பித்திருந்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போய் இந்தக் கதையை மடிப்பக்காவிடம் கொடுத்தேன். ரேடியோ வேலையிலிருந்து திரும்பவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வரிமேல் விரல் வைத்துப் படித்தார். இரண்டு இடத்தில் என்னைத் திருத்தினார். சுவிட்ச் எட்டு அடி என்று எழுதியிருந்தேன். ஏழு என்றார். பட்டையைக் கயிற்றால் கட்டியதாக எழுதியிருந்தேன். கிழிந்த துணி என்றார். மேலே நீங்கள் படித்தது அவர் சொன்னபடி மாற்றியது.

ஏழாம் பகுதிக்கு வந்ததும் விரல் நின்றது. இதை எடுத்துவிடட்டுமா என்ற கேள்வி எனக்கு வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் பக்கத்தைத் திருப்பினார். கடைசிவரை படித்துவிட்டுத் தாள்களைத் தட்டி, நான்கு முனையும் சேர அடுக்கினார்.

"நாத்தனார் இதைப் படிப்பாங்களாக்கா?"

"படிக்காம? தமிழ்ல இருந்தா மருந்துச் சீட்டைக்கூட விடமாட்டா."

"நீங்களே முன்னாடி சொல்லிடலாமே."

"நான் சொன்னா பாதியிலயே எந்திரிச்சுப் போயிடுவா. இதுல போக முடியாது. நடுவுல அவ நாய் கதை வேற வருது. அது எப்படி வந்துச்சுன்னு பாக்கவாவது முழுசும் படிப்பா."

வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. ரேடியோ யாரிடமோ வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வந்தார். மடிப்பக்கா தாள்களை என்னிடம் கொடுக்காமல் மேசைமேலேயே வைத்தார்.

"முடிவு என்னக்கா போடட்டும்?" என்றேன், அவசரமாக.

"இப்பதானே உள்ள வர்றா. அதுக்குள்ள நீங்க ஏன் போடறீங்க?"

போடவில்லை.